காட்டுக்குப் போகத் துவக்கு வேணுமோ? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்களுடையது தம்பலகாமத்து வயல்காரக் குடும்பம். நான் கொஞ்சக் காலமாக பன்குளம், கந்தளாய், வெருகல் பக்கக் காட்டு ஓரங்களுக்குப் பறவை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப் போகிறேன். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே சந்தேகம் என்னிடம் வருகிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வேனில் ஏறும்போதே கேட்பார்கள். ஊர்க்காரர் வயல் வரம்பில் நின்று கேட்பார்கள். கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. வழக்கு விஷயம் என்றால் சட்டத்தரணியிடம் போங்கள்.

காட்டுக்குப் போகேக்க பாதுகாப்புக்கு ஒரு துவக்கு கொண்டு போகலாமோ?

முடியாது. இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பதே குற்றம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. 1996இல் அதைத் திருத்தியபோது தண்டனையைக் கடுமையாக்கினார்கள். இது போக, 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் தேசியப் பூங்காவுக்குள் துவக்கு கொண்டு போவதைத் தடுக்கிறது. கையில் அனுமதிப்பத்திரம் இருக்கிறது என்பதற்காக சோமாவதித் தேசியப் பூங்காவுக்குள் தோளில் துவக்கோடு நடக்க முடியாது.

அப்ப வயல்காரர் மட்டும் எப்பிடி வைச்சிருக்கினம்?

அது பயிர்ப் பாதுகாப்புக்கென்று கொடுக்கும் சொட்கன். மாவட்டச் செயலகம் ஊடாக விண்ணப்பிக்க வேண்டும். கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், பொலிஸ் என்று கடுதாசி ஒரு சுற்றுச் சுற்றி வரும். வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். பத்திரத்தில் எழுதியிருக்கும் காரணம் பயிர். நீங்கள் காட்டுக்குள் உலாத்தப் போகும்போது அந்தக் காரணம் உங்களோடு கூட வராது.

தற்பாதுகாப்புக்கென்று கொடுக்கும் துவக்கு வேறு வகை. அதைப் பாதுகாப்பு அமைச்சு பார்க்கிறது. 2024 நவம்பரில் அந்த வகைத் துவக்குகளை மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னார்கள். வியாபாரிகளும் அரசியல்வாதிகளும் வரிசையில் நின்றார்கள். யானைக்குப் பயந்து எடுத்தவர் அந்த வரிசையில் எத்தனை பேர் இருந்திருப்பார் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

எங்கட காட்டுக்குள்ள ஆளைக் கொல்லுற மிருகம் எண்டா எதெது?

முதலில் யானை. கந்தளாயிலிருந்து ஹபரண வீதி நெடுக, பன்குளம், மொறவெவப் பக்கம், தெற்கே ஈச்சிலம்பற்று, வெருகல் என்று அதன் நடமாட்டம் இருக்கிறது. அடுத்தது கரடி. ஆளைக் கொல்வது குறைவு, ஆனால் முகத்தையே கிழித்துவிடும். குளத்திலும் ஆற்றிலும் முதலை. சிறுத்தைக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் அது எங்களைக் கண்டால் விலகிப் போகிற சாதி. 1924இல் மட்டக்களப்புப் பக்கம் புணாணையில் ஒரு ஆட்கொல்லிச் சிறுத்தையைச் சுட்டார்கள். நூறு வருடம் கழித்தும் அந்த ஒன்றைப் பற்றியே கதைக்கிறோம் என்றால் அது எவ்வளவு அபூர்வம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் உண்மையாகப் பயப்படுவது பாம்புக்கு. இருட்டில் வரம்பில் கிடக்கும் புடையனுக்கு எந்தத் துவக்கும் உதவாது. ரோச் லைட்டும் கணுக்காலை மூடிய சப்பாத்தும்தான் உதவும்.

சொட்கன் ஒண்டு கையில இருந்தா யானை ஓடாதோ?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பதிலைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு போர் சொட்கனில் எஸ்.ஜி. தோட்டா போட்டால் விரல் நகமளவு ஈயக்குண்டுகள் சில பறக்கும். பன்றிக்கு அது போதும். யானையின் மண்டையோடு தேன்கூடு மாதிரி அறை அறையான எலும்பு. மூளை அதற்குப் பின்னால் ஆழத்தில் இருக்கிறது. நேருக்கு நேர் வரும் யானைக்கு இந்தக் குண்டு தோலிலும் சதையிலும் போய்த் தங்கும். யானை சாகாது, நிற்கவும் மாட்டாது. வெள்ளைக்காரன் காலத்தில் மேஜர் ரொஜர்ஸ் என்ற ஒருவர் ஆயிரத்துக்கு மேல் யானை சுட்டதாகச் சொல்வார்கள். அவரிடம் இருந்தது யானைக்கென்றே செய்த பெரிய துவக்கு, பக்கத்தில் இரண்டாம் துவக்கோடு நிற்க ஆள், கிட்டப் போய் இடம் பார்த்துச் சுடும் பழக்கம். (அவரை யானை கொல்லவில்லை. 1845இல் மின்னல் தாக்கிச் செத்தார்.) எங்கள் வயல் காவல்காரரிடம் இதில் எது இருக்கிறது?

நேரத்தையும் கணக்குப் பாருங்கள். யானை துரத்தினால் மணிக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் வேகத்தில் வரும். முப்பது மீற்றரில் நிற்கும் யானை உங்களிடம் வர நாலைந்து விநாடி போதும். அதற்குள் தோளிலிருந்து எடுத்து, இழுத்து, குறி பார்த்து, கை நடுங்காமல் சுட வேண்டும். இடியன் துவக்கென்றால் ஒரே வெடிதான். மறுபடி மருந்து இடிக்க நேரம் கேட்டால் யானை தருமோ?

இதைவிடக் கெட்டது அடுத்த நாள் வரும். காயம்பட்ட அலியன் (கொம்பில்லாத ஆண் யானை) காட்டுக்குள் போய்ப் புண் சீழ் பிடித்து மாதக்கணக்கில் திரியும். நோவோடு திரியும் யானை ஆளைக் கண்டால் விலகாது. சுட்டவர் வீட்டில் படுத்திருப்பார். அதன் முன்னால் போய் மாட்டுப்படுவது விடியற்காலையில் சைக்கிளில் வருகிற வேறொருவர். “மூர்க்கமான யானை” என்று ஊரில் பெயர் வாங்கியவை பலவற்றின் உடம்பில் பழைய ஈயம் இருக்கும்.

சுட வேணாம், சத்தத்துக்கு மேல ஒரு வெடி வைச்சாலும் பிழையோ?

சத்தம்தான் வேண்டுமென்றால் வனஜீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் யானை வெடி இருக்கிறது. ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு. முதல் மாதம் ஓடுகிற தனியன் மூன்றாம் மாதம் காதை ஆட்டிக்கொண்டு நின்று தின்னும். சத்தம் கடிக்காது என்று அது படித்துவிடும். பிறகு ஆட்கள் வெடியை யானையின் மேலேயே எறியத் தொடங்குவார்கள். நான் கண்ட அளவில், யானையும் ஆளும் இரண்டு பேருமே மூர்க்கமாவது அந்த இடத்தில்தான். வானத்தைப் பார்த்துச் சுடுவதும் அப்படித்தான். ஒரு கிழமையில் துவக்கின் வாய் தானாகக் கீழே இறங்கும்.

கரடி யானை மாதிரிப் பெரிசில்லைத்தானே? கரடிக்கு எண்டாலும் துவக்கு உதவும்தானே?

கரடி தூரத்தில் நின்று கர்ச்சித்து அறிவித்துவிட்டு வருவதில்லை. அதற்குக் கண் மட்டம், காது மட்டம். புற்றைக் கிண்டி மூக்கை உள்ளே விட்டிருக்கும்போது உலகமே அதற்குத் தெரியாது. நீங்களும் சத்தமில்லாமல் வளைவில் திரும்பினால் இரண்டு பேருக்கும் நடுவில் ஐந்து மீற்றர்தான். அது பயத்தில் எழும்பி முகத்தில் அடிக்கும். தோளில் கிடக்கும் துவக்கு தோளிலேயே கிடக்கும்.

அமெரிக்காவின் அலாஸ்காவில் இதைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். 2012இல் வந்த ஆய்வு ஒன்று, 1883 தொடக்கம் 2009 வரை துவக்கோடு நின்றவர்கள் கரடியைச் சந்தித்த 269 சம்பவங்களைப் பார்த்தது. துவக்கைப் பயன்படுத்தியவர்களும் பயன்படுத்தாதவர்களும் காயப்பட்ட விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் முடிவு. அந்த ஆய்வாளர்களில் சிலர் 2008இல் கரடிக்கு அடிக்கும் மிளகாய்க் காரத் தெளிப்பானைப் பார்த்தார்கள். பழுப்புக் கரடிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு தடவை அது வேலை செய்திருந்தது. எங்கள் கரடி வேறு இனம். அந்தக் கணக்கை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. ஆனால் துவக்கு எடுக்க நேரம் போதாது என்ற காரணம் எந்தக் காட்டுக்கும் ஒன்றுதான்.

பாலைப்பழக் காலத்தில் கவனம். வைகாசி, ஆனி, ஆடியில் பாலை மரம் பழுத்திருந்தால் கரடி அடியிலும் நிற்கும், மேலேயும் இருக்கும். கதைத்துக்கொண்டு நடவுங்கள். மேலே விழுந்தே விட்டால் குப்புறப் படுத்து, பிடரியில் இரண்டு கையையும் கோர்த்து மூடிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அடித்துவிட்டு ஓடிவிடும்.

கனடாவில என்ர மருமகன் துவக்கோடதான் காட்டுக்குப் போறானாம். அங்க சரி, இங்க பிழையோ?

மருமகன் வேட்டைக்குப் போகிறாரோ, நடக்கப் போகிறாரோ என்று முதலில் கேளுங்கள். கனடாவின் தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் பொதுமக்கள் துவக்கு கொண்டு திரிய முடியாது; கரடித் தெளிப்பான்தான் இடுப்பில் தொங்கும். அமெரிக்காவில் 2010 பெப்ரவரியிலிருந்து அந்தந்த மாநிலச் சட்டப்படி தேசியப் பூங்காவுக்குள் வைத்திருக்கலாம். வைத்திருக்கலாமே தவிர, சுட அனுமதி இல்லை. வீட்டில் உலக்கை இருக்கலாம், இடிக்கக்கூடாது என்கிற மாதிரி.

உண்மையிலேயே துவக்கு நியாயமான இடம் ஒன்று இருக்கிறது. நோர்வேயின் வடக்கே சுவல்பார்ட் தீவுகள். அங்கே வெண்கரடி மனிதனை இரையாகவே பார்க்கும். ஏற மரம் இல்லை, ஒளிக்கப் பற்றை இல்லை. குடியிருப்பை விட்டு வெளியே போகிறவர் கரடியைத் துரத்தும் கருவி கொண்டு போக வேண்டும் என்பது சட்டம். துவக்கும் கொண்டு போகச் சொல்கிறார்கள். அப்படியிருந்தும் ஒரு கரடியைச் சுட்டால் விசாரணை நடக்கும். அங்கே வெட்டவெளியில் கரடி தூரத்திலேயே தெரிகிறது, நேரம் கிடைக்கிறது. எங்கள் பற்றைக் காட்டில் அந்த நேரம் இல்லை. ஆகவே துவக்கு எல்லா இடத்திலும் பிழை என்று நான் சொல்ல வரவில்லை. இந்தக் காட்டுக்கும் இந்த மிருகங்களுக்கும் அது பொருந்தாது என்கிறேன்.

இடியன் ஒண்டைச் சேனைக் கரையில கட்டி வைச்சா ஆருக்கு நட்டம்? பன்றிக்குத்தானே?

கட்டுத்துவக்கு பற்றிக் கேட்கிறீர்கள். இதில் மட்டும் என்னிடம் நயமான பதில் இல்லை.

மிருகம் போகும் பாதையில் முழங்கால் உயரத்துக்குக் கம்பி இழுத்து, அதன் அந்தத்தில் இடியனைக் கட்டி வைப்பது. கம்பி தட்டுப்பட்டால் வெடிக்கும். கட்டியவர் வீட்டில் நித்திரை. கம்பிக்குப் பன்றிக் கால் எது, ஆட்டுக்காரப் பொடியனின் கால் எது என்று தெரியாது. எங்கள் ஊருக்கு அங்கால், விறகுக்குப் போன ஒருவர் முழங்காலுக்குக் கீழே பட்டு, தோளில் தூக்கி றோட்டுக்குக் கொண்டுவர இரண்டு மணித்தியாலம் எடுத்தது. கால் எடுத்துவிட்டார்கள். கட்டியவர் யார் என்று ஊருக்கே தெரியும்; அவருக்குச் சொந்தக்காரர்தான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. காயப்பட்டவரும் திறக்கவில்லை.

காட்டுக்குள் போகிறவருக்கு மிருகத்தைவிட இது பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன். பாதுகாப்புக்கென்று ஊருக்குள் வந்த துவக்குகளில் எத்தனை கடைசியில் இப்படி மரத்தில் கட்டப்பட்டுக் கிடக்கின்றன என்று யோசியுங்கள். பழத்துக்குள் வைக்கும் ஹக்கபட்டாஸ் வெடியும் இதற்குத் தம்பிதான். யானைக்கன்று கடித்து வாய் சிதறிப் பட்டினியில் சாகும்.

எனக்கு மிருகத்துக்குப் பயமில்லை. மரம் வெட்டுறவன், மண் அள்ளுறவன், கஞ்சாக்காரன் எதிர்ப்பட்டா?

நல்ல கேள்வி. இதற்கு “காட்டை நேசியுங்கள்” என்று பதில் சொல்ல முடியாது. இரவில் மகாவலிக் கரையில் மண் ஏற்றும் இடத்தில் போய் நின்றால் யானையைவிடக் கெட்ட அனுபவம் கிடைக்கும்.

ஆனால் துவக்கோடு நிற்பவரைக் கண்டால் அவர்கள் உங்களைப் பறவை பார்க்க வந்தவர் என்று நினைக்க மாட்டார்கள். ஒன்றில் பொலிஸ், இல்லாவிட்டால் போட்டிக்காரன். அவர்களிடமும் துவக்கு இருக்கலாம், அவர்கள் நாலு பேர், இடம் அவர்களுக்குப் பழக்கம். வெறுங்கையோடு “வழி தவறிட்டுது அண்ணன், பெரிய றோட்டு எந்தப் பக்கம்?” என்று கேட்டவரை யாரும் சுட்டதை நான் கேள்விப்படவில்லை. எனக்கே இரண்டு தடவை வழி காட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு தடவை தேத்தண்ணியும் தந்தார்கள். வந்த பிறகு முறைப்பாடு செய்வதோ விடுவதோ உங்கள் மனச்சாட்சி.

வனஜீவராசி ஆக்களே துவக்கோடதானே போறாங்கள்?

அவர்கள் போவது சட்டவிரோத வேட்டைக்காரரைப் பிடிக்க. பயிற்சி, கூட்டம், வோக்கி, அறிக்கை எல்லாம் அந்தத் துவக்கோடு சேர்ந்து வருகின்றன. யானையைத் துரத்த வரும்போது அவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்று பாருங்கள். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, ட்ரக்டரையோ ஜீப்பையோ பின்னால் இயங்க வைத்துக்கொண்டுதான் நிற்பார்கள். அவர்கள் நம்புவது அந்த எஞ்ஜினை.

எங்கட அப்பாமாரிட்ட எல்லாம் துவக்கு இருந்ததே? அவை காட்டுக்குப் போகேல்லையோ?

இருந்தது. என் சித்தப்பாவிடம் அனுமதியோடு ஒரு சொட்கன் இருந்தது. சண்டை தொடங்கிய காலத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்குக் கொடுத்த பற்றுச்சீட்டு இன்றைக்கும் சின்னம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் பிறப்புச் சான்றிதழ்களோடு கிடக்கிறது. துவக்கு திரும்பி வரவில்லை. கேட்கப் போகவும் பயம்.

இந்த ஊரில் துவக்கு என்ற சொல்லை வெறும் கருவியின் பெயராக யாராலும் கேட்க முடியாது. 1984இல் தென்னமரவாடி, 2006இல் சம்பூர் என்று ஊர் ஊராக எழும்பி ஓடிய மாவட்டம் இது. இருட்டில் ஒரு வெடி கேட்டால் யானைக்கோ, ஆளுக்கோ என்று எழும்பி உட்கார்ந்து யோசிக்கும் ஒரு தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. தமிழ்ப் பொடியன் ஒருவன் துவக்கோடு காட்டில் பிடிபட்டால் “கரடிக்கு” என்று சொல்லி வீட்டுக்கு வர முடியுமா என்பதை நீங்களே சொல்லுங்கள். முஸ்லிம், சிங்களக் கிராமத்து நண்பர்களும் தங்கள் பக்கத்துக் கதையோடு இதே பயத்தைச் சொல்வார்கள்.

சித்தப்பா அந்தத் துவக்கால் என்ன சுட்டார் என்று ஒருநாள் கேட்டேன். “மான், மரை, கொக்கு” என்றார். தன்னைக் காப்பாற்ற ஒருதரம்கூடச் சுட்டதில்லை. யானை வந்தால்? “பரணில ஏறிப் பேசாமல் கிடப்பன்.”

அப்ப வெறுங்கையோட போறதோ? ஒண்டும் வேணாமோ?

வெறுங்கை இல்லை. காட்டை அறிந்த ஒருவர் கூட வேண்டும். அதுதான் முதல் பாதுகாப்பு. வெருகல், மூதூர்ப் பக்கத்துக் கரையோர வேடர் பரம்பரையில் வந்தவர்களோடு தேனுக்குப் போய்ப் பாருங்கள். முறிந்த கொப்பைத் தொட்டு, சாறு காய்ந்ததா என்று பார்த்து யானை போன நேரத்தைச் சொல்வார்கள். விடியலிலும் பொழுது பட்ட பிறகும் நடக்காதீர்கள். புதுப் பிண்டம் (யானைச் சாணம்) சூடாக இருந்தால் திரும்புங்கள். மோட்டார் சைக்கிளில் வரும்போது வீதியில் யானை நின்றால் ஹோன் அடிக்காமல், தூரத்திலேயே நிறுத்தித் திருப்புங்கள். யாரிடமாவது போகும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம், ஆனால் சிக்னல் இருக்கும் இடத்துக்கு நீங்கள்தான் வர வேண்டும்.

திரும்பிப் போவதில் வெட்கம் இல்லை. 1660இல் கொட்டியாரத்தில், இன்றைய மூதூரில், கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேயக் கடலோடி ரொபேர்ட் நொக்ஸ் பத்தொன்பது வருடம் கழித்து ஒரு கூட்டாளியோடு காட்டு வழியே, மன்னார்ப் பக்கம் ஒல்லாந்தர் கோட்டை இருந்த அரிப்பு என்ற ஊருக்குத் தப்பிப் போனார். கையில் துவக்கு இல்லை. வழியில் ஒரு யானை மறித்து நின்றது. விரட்டிப் பார்த்தார்கள், போகவில்லை. நெருப்பு மூட்டி, உட்கார்ந்து புகையிலை பிடித்து, விடியும் வரை காத்திருந்தார்கள். உயிருக்குத் தப்பி ஓடுகிற கைதிக்கே காத்திருக்க நேரம் இருந்தது. எங்கள் வேனில் வருகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு உப்புவெளி ஹோட்டலில் நிற்க வேண்டுமாம்.

துவக்கு இருந்தா ஒரு தைரியம். அதையும் வேணாம் எண்டுறீங்களோ?

அந்தத் தைரியத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன். வெறுங்கையோடு போகிறவர் பிண்டத்தைக் கண்டால் நிற்பார். துவக்கோடு போகிறவர் இன்னும் நூறு யார் போய்ப் பார்ப்பார். யானை அந்த நூறு யாருக்குள்தான் நிற்கும்.

நீங்கள் பறவை பார்த்திட்டுப் போயிருவீங்கள். என்ர மனிசன் காவலுக்குப் போய் யானை அடிச்சுச் செத்தவர். எனக்கு என்ன சொல்லுறீங்கள்?

ஈச்சிலம்பற்றுப் பக்கத்து அக்கா ஒருவர் கேட்டது. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. 2023இல் மட்டும் நாடு முழுவதும் நானூறுக்கு மேல் யானைகளும் நூற்றைம்பதுக்கு மேல் மனிதரும் இந்தச் சண்டையில் செத்தார்கள். அந்தக் கணக்கை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேலே நான் எழுதிய எல்லாம் காட்டுக்கு விரும்பிப் போகிறவருக்கானது. அவருடைய புருசன் காட்டுக்குப் போகவில்லை. காடு அவருடைய வரம்புக்கு வந்தது.

பிறகு அவரே கதைத்தார். துவக்குக் கேட்கவில்லை. மின்சார வேலியின் பற்றரி செத்து எட்டு மாதம், கம்பியில் கொடி படர்ந்து கிடக்கிறது, சொன்னால் ஒருவரும் வருவதில்லை என்றார். யானை ஆய்வாளர் பிரித்விராஜ் பெர்னாண்டோவின் தலைமையில் யானை-மனித மோதலைக் குறைக்க 2020இல் தயாரித்த தேசியத் திட்டத்தில் இதற்கு ஒரு வழி எழுதியிருக்கிறது. திணைக்களத்தின் எல்லைக் கோட்டில் காட்டுக்குள் வேலி போடுவதை விட்டு, ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் போடுவது. வயல் வேலியை விதைப்போடு கட்டி, அறுவடையோடு கழற்றுவது. பராமரிப்பை ஊர்ச் சங்கமே பார்ப்பது. தன் வயலைச் சுற்றிய கம்பியில் கொடி ஏற யாரும் விட மாட்டார்கள்.

அதை அக்காவிடம் சொன்னேன். “பற்றரிக்கு ஆர் காசு தாறது?” என்று கேட்டார். கமக்காரர் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு அவர் போகிறார். நானும் போகிறேன்.